கடன் இல்லாத கல்லா

மருந்துக்கடை வைத்திருக்கும் நான் வருடா வருடம் விற்பனை இலக்கு எழுதும்போதெல்லாம் பூட்ஸ் மருந்துக்கடைகளை வளர்த்த ஜெஸ்ஸி பூட்டைத்தான் நினைத்துக்கொள்வேன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் அவர் அப்பா 1849இல் திறந்தது சின்ன மூலிகைக் கடை. பத்து வயதில் அப்பாவை இழந்த பையன், அம்மாவோடு கடையில் நின்று தொழில் பழகினார். 1877இல் கடை முழுவதும் அவர் கைக்கு வந்தது.

அவர் வைத்த குறி ஒன்றுதான்: நிறைய வாங்கி, குறைந்த லாபத்தில், ரொக்கத்துக்கு மட்டும் விற்பது. மற்றவர்கள் அவுன்ஸ் ஒரு பென்னிக்கு விற்ற எப்சம் உப்பை ராத்தல் ஒரு பென்னிக்குக் கொடுத்தார். ஒரு ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ்! கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. மற்ற மருந்துக்கடைக்காரர்களுக்கு ஆத்திரம். ஆனால் தகுதி பெற்ற மருந்தாளுநரை வேலைக்கு வைத்து ஒரு நிறுவனம் மருந்துக்கடை நடத்தலாம் என்று 1880இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பூட் 1884இல் எட்வின் வாரிங் என்ற மருந்தாளுநரை அமர்த்தினார். மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்து தரும் கட்டணமும் ஏறக்குறைய பாதியானது.

விலை குறைப்பு பெரிய காரியம்தான். ஆனால் படித்த மருந்தாளுநரை மேசைக்குப் பின்னால் நிறுத்தியதையே நான் அதைவிட மதிக்கிறேன். 1914க்குள் பூட்ஸ் கடைகள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன.