லூதர் சொன்னாராம்

லாரி நோர்மனின் ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’ 1972இல் வந்த கிறிஸ்தவ ரொக் இசைத்தட்டு. இணையக் கலைக்களஞ்சியத்துக்காக நண்பர் ஒருவர் தமிழில் எழுதிய கட்டுரை பார்வைக்கு வந்தது. லண்டனில் ஒலிப்பதிவானது, 2013ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது, இரண்டும் சரி. இடறியது ஒரே வரி. நல்ல இசையெல்லாம் பிசாசுக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் பாட்டின் தலைப்பு மார்ட்டின் லூதருடைய கூற்றாம்.

சமயச் சீர்திருத்தவாதியான லூதர் 1546இல் இறந்தவர். அடிக்குறிப்பு காட்டிய நூலைத் திறந்தால் அங்கும் ‘லூதர் சொன்னார்’ என்பதோடு சரி. எந்த நூல், எந்தக் கடிதம், ஒன்றுமில்லை. வேறு சில நூல்கள் இரட்சணிய சேனையின் வில்லியம் பூத்தைக் கைகாட்டின. 1882இல் ஊஸ்டர் நகரில், மதுக்கூடங்களில் புகழ்பெற்ற ‘சாம்பேன் சார்லி’ மெட்டில் பக்திப்பாட்டு ஒன்றைக் கேட்டு அவர் அப்படிச் சொன்னாராம். நம்பும்படியான கதைதான். ஆனால் 1881இலேயே அச்சான புரூம் என்பவரின் நூலில் அதே கருத்து ரோலண்ட் ஹில் பெயரில் கிடக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பவர் அஞ்சல்தலை ஹில். அவர் வேறு ஆள். இவர் லண்டன் சரே சேப்பல் போதகர், 1833இல் காலமானவர். அவர் இறந்து 48 ஆண்டு கழித்து வந்த நூல், ஆகவே அதுவும் செவிவழிச் செய்தியே.

பசறை, பிபிலைப் பாதையில் மழை இறங்கினால் நான் இருக்கும் லுணுகலையில் சிக்னல் படுத்துவிடும். ஸ்கேன் பிரதிகளை முன்பே இறக்கி வைத்திருந்ததால் தப்பினேன். அப்போதுதான் லூதரின் கிறிஸ்துமஸ் பாட்டொன்றின் வரலாறு கண்ணில் பட்டது. 1535இல் அது விடுகதைப் பாட்டொன்றின் நாட்டார் மெட்டில் அச்சானது. 1539இல் அந்த மெட்டு போய் வேறு மெட்டு வந்துவிட்டது. உலக மெட்டை எடுத்தவரும் அவர், விட்டவரும் அவர். அவர் வாயில் இந்தக் கூற்றைத் திணிப்பது எனக்கு ஒப்பவில்லை.

உலக வடிவத்தைப் பக்திக்கு எடுக்கும் வேலையைத் தயக்கமில்லாமல் செய்தவர் நம்மிடையே இருந்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய குறவஞ்சியை அப்படியே எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். தலைவி தேவமோகினி, தலைவன் பெத்லகேம் நாதர், குறி சொல்லக் குறத்தியும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில், வழிபாடே கூத்தாக நடக்கும் காமன்கூத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதுமை தெரியாது.

லூதரை வெட்டிவிட்டு, ‘ரோலண்ட் ஹில்லுடையதாக 1881இல் பதிவான கூற்று, பின்னர் பூத், லூதர் பெயர்களிலும் வழங்கியது’ என்று திருத்தினேன். லூதர் இருந்தால் கட்டுரைக்குக் கனமாக இருக்குமே என்று நண்பர் முனகினார். சரி, சாஸ்திரியாரையாவது சேர்க்கலாமா என்றார். நோர்மனையும் அவரையும் இணைக்க ஓர் ஆதாரமும் இல்லை, அதனால் மறுத்துவிட்டேன். சாஸ்திரியாரைப் பற்றிய கட்டுரையின் அடிக்குறிப்புகளைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.