கட்டடம் எங்க சேர்?

போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "சேர், போன வருஷமே காசு வந்துருச்சுன்னு சொன்னீங்க. கட்டடம் எங்க?"

எங்களிடம் இருந்த பதில் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. காசு ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால் பாடசாலைக் காணிக்கு நில அளவைப் படம் இல்லை, எழுத்தும் இல்லை. கடிதங்கள் போய் வருவதற்குள் டிசம்பர் 31 வந்துவிட்டது. அந்த ஆண்டில் செலவழிக்காத ஒதுக்கீடு அந்த ஆண்டோடு போய்விடும். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நம்பிய மாதிரித் தெரியவில்லை. கூட்டத்தில் சொல்ல நேரமில்லாத மீதிக் கதையை இங்கே எழுதுகிறோம்.

கதை 1907இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. அதற்குப் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்கி, ஒழுங்காக வைத்திருக்கவும் வேண்டும். எது பொருத்தமானது? தீர்மானிப்பவர் துரைதான். ஆகவே பல தோட்டங்களில் காலியாகக் கிடந்த லயக் காம்பராவும், பிள்ளைக் காம்பராவும், வாத்தியார் வீட்டு வாசலும் பள்ளிக்கூடமாயின. ஒரு வாத்தியார், ஓர் அறை, எல்லா வகுப்பும் அதற்குள்ளே. வீட்டில் பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்டோர் எப்படித் தோட்டத்தின் சொத்தோ, அப்படியே பள்ளிக்கூடமும் தோட்டத்தின் சொத்து. இன்றைய சிக்கலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1947இன் திருத்தச் சட்டம் அவற்றையும் அரசாங்கக் கல்விக்குள் கொண்டுவரப் பார்த்தது. ஆனால் கட்டடத்தைத் தோட்ட முதலாளி கட்டிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். முதலாளிமார் அவசரப்படவில்லை. அவர்களை அவசரப்படுத்தவும் ஆளில்லாமல் போனது. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவர்கூட இல்லை. கூரை ஒழுகுகிறது என்று பாராளுமன்றத்தில் யார் சொல்வது?

1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 முதல்தான் அவை கட்டங்கட்டமாக அரசாங்கத்திடம் வந்தன. மற்றப் பாடசாலைகளுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது. வந்தபோதும் முழுதாக வரவில்லை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கக் கணக்குக்குப் போனது. கட்டடம் நிற்கும் காணியோ பல இடங்களில் முறையாக அளந்து எழுதப்படாமலே கிடந்தது.

பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. 1980களில் சுவீடனின் சீடா உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிய கட்டடங்கள் எழும்பின. ஊரவர்களும் அதில் உழைத்தார்கள். "சீடா கட்டடம்" என்று இன்றும் சொல்கிறோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியில் வந்தது. அண்மையில் இந்திய நன்கொடையில் 9 பெருந்தோட்டப் பாடசாலைகளைத் தரமுயர்த்தும் திட்டம். பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி விலை ஏறியதால் அதற்கு முதலில் பேசிய தொகை போதாமல், கூட்ட வேண்டியதாயிற்று. கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி எப்போதும் உண்டு. ஆனாலும் இலங்கைப் பிள்ளையின் வகுப்பறைக்கு இத்தனை தூரத்திலிருந்து காசு வரவேண்டியிருந்ததே என்பது நெஞ்சில் உறுத்துகிறது.

காசு எங்கிருந்து வந்தாலும் காணி இங்கேதான் இருக்கிறது. 1987க்குப் பிறகு பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது, காணி குத்தகையில். ஆகவே ஒரு கட்டடத்துக்குக் கம்பெனியும் இணங்க வேண்டும், காணிக்குச் சொந்தமான அரச நிறுவனமும் இணங்க வேண்டும், வலயக் கல்விக் காரியாலயமும் மாகாணமும் கையெழுத்திட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். சமதரைக்குப் போட்ட வரைபடத்தைச் சரிவில் கட்டினால், மண்ணைப் பிடித்து நிறுத்தும் சுவருக்கே பெருந்தொகை போய்விடும். ஜனவரியில் தொடங்கினாலும் டிசம்பருக்குள் இவ்வளவும் முடியுமா? காசு வருவதற்கு முன்பே காணி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் 2 ஏக்கர் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். மேடையில் கொடுத்த ஏக்கரில் அத்திவாரம் வெட்ட முடியாது.

நாங்கள் டவுனில், கடைவீதியில் வளர்ந்தவர்கள். சம்பள நாளில் வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து ஆட்களைத் தெரியும், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று அன்று கேட்டதில்லை. இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத்தான் படிப்பிக்கிறோம். இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு தட்டி. இந்தப் பக்கம் கணிதம், அந்தப் பக்கம் சங்கீதம்.

இந்த முறை ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்காமல் முதலில் காணியை அளக்கக் கேட்டு எழுதப் போகிறோம். வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலைக்கு வாருங்கள். பழைய தோட்டப் படம், கடிதம், சீடா காலத்து போட்டோ, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். பழைய லயம் எதுவரை இருந்தது, பீலி எங்கே இருந்தது என்று தெரிந்த பெரியவர்களைக் கையோடு கூட்டிவாருங்கள். கேள்வி கேட்ட அந்தத் தகப்பனும் கட்டாயம் வரவேண்டும்.