ஒற்றை உள்நுழைவும் கெர்பரோஸும்

ஒற்றை உள்நுழைவு என்பது, பயனர் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தபின், மின்னஞ்சல், கோப்பு, அச்சுப்பொறி என ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கடவுச்சொல் தராமல் வேலை செய்ய உதவும் முறையாகும். அலுவலகங்களில் இது வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்றே பலரும் நினைக்கின்றனர். வரலாற்றைப் பார்த்தால், பாதுகாப்புக் கவலையும் இதன் பிறப்புக்குக் காரணம் என்பது தெரியும்.

1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்துகொண்டபோது, ஒரு கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. கணினிகள் பலவாகப் பெருகியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1983இல் அதே நிறுவனம், ஐ.பி.எம்., டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆகியவற்றின் துணையுடன் அதீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகமெங்கும் பணிநிலையங்கள் வைக்கப்பட்டன. மாணவர்களின் கோப்பும் அஞ்சலும் தனித்தனி வழங்கிகளில் இருந்தன. ஒவ்வொரு வழங்கியும் கடவுச்சொல் கேட்டால் மாணவர் சலித்துப்போவார். அதைவிடப் பெரிய ஆபத்து, கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் கம்பி வழியே மறைப்பின்றிப் போவது. அதே கம்பியில் இணைந்த வேறொருவர் அதை ஒட்டுக்கேட்டுவிடலாம். பணிநிலையத்தின் சொல்லையும் நம்ப முடியாது. முன்னால் உட்கார்ந்திருப்பவரே அதை முழுமையாகத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இதற்கு விடையாக ஸ்டீவ் மில்லர், கிளிஃபோர்ட் நியூமன் ஆகியோர் வடிவமைத்ததே கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் இது. ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1978இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு அடிப்படை.

இதில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. பயனர் தன் பெயரைச் சொன்னதும், மைய வழங்கி ஒரு சீட்டை அனுப்புகிறது. அதனுடன் வரும் மறைச்சாவி, பயனரின் கடவுச்சொல்லிலிருந்து உருவான சாவியால் பூட்டப்பட்டிருக்கும். சரியான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தவரின் கணினி மட்டுமே அந்தப் பூட்டைத் திறக்க முடியும். பிறகு அந்த முதல் சீட்டைக் காட்டி, அஞ்சலுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று எனத் தனிச்சீட்டுகளைப் பயனரின் கணினியே பெற்றுக்கொள்கிறது. பொதுத்தேர்வு எழுதும் மாணவரை அவருடைய பள்ளி சரிபார்த்து ஹால் டிக்கெட் தருவதையும், தேர்வு மையம் அதை நம்புவதையும் நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஆனால் இந்தச் சீட்டின் ஆயுள் சில மணி நேரமே. நேரம் பார்த்தே சீட்டு செல்லுபடியாவதால், கணினிகளின் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேறுபாடு வரை ஏற்பது பொதுவான வழக்கம்.

இந்த வடிவமைப்பை விளக்க பில் பிரையன்ட் 1988இல் நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடல் எழுதினார். அதீனா ஒரு திட்டத்தைச் சொல்ல, யூரிப்பிடிஸ் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். உடனே அதீனா அதைத் திருத்துவார். ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதே என்ற முறையீடும் அதில் வருகிறது. கணினிப் பாடத்தை இவ்வளவு நன்றாகக் கற்பித்த நூல்கள் குறைவு என்பேன்.

குறியாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்காவில் அப்போது தடை இருந்தது. எனவே குறியாக்கம் நீக்கப்பட்ட வடிவமே வெளியே சென்றது. ஆஸ்திரேலியாவில் எரிக் யங் அதில் குறியாக்கத்தை மீண்டும் சேர்த்தார். ஐந்தாம் பதிப்பு 1993இல் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. விண்டோஸ் 2000 அதை ஏற்றபின் சாதாரண அலுவலகங்களுக்கும் கெர்பரோஸ் வந்து சேர்ந்தது. நிறுவன எல்லைக்கு வெளியே இருக்கும் இணையச் சேவைகள் பெருகியபோது கடவுச்சொல் கேட்கும் பெட்டிகள் மறுபடி முளைத்தன. 2002இல் வந்த சாம்ல், 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய தரங்கள் அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவை.

ஒரே இடத்தில் எல்லா நம்பிக்கையையும் வைப்பதன் விலையும் உண்டு. சீட்டு வழங்கும் மைய வழங்கியின் சாவி திருடுபோனால், திருடியவர் யார் பெயரிலும் போலிச்சீட்டு எழுதிக்கொள்ளலாம். பாதுகாப்புத் துறையினர் இதைப் பொற்சீட்டுத் தாக்குதல் என்கின்றனர். விண்டோஸ் அமைப்பு முந்தைய சாவியையும் நினைவில் வைத்திருப்பதால், இத்தகைய திருட்டு நேர்ந்தால் அந்தச் சாவியை இரண்டு முறை மாற்ற வேண்டும்.