கூரையில் ஒரு பாட்டில்

மரக்கப்பல்களின் கீழ்த்தளத்தில் பகலிலும் இருட்டுதான். விளக்கேற்றினால் தீப்பிடிக்கும் பயம். அதனால் மேல்தளப் பலகையில் கண்ணாடிப் பட்டகங்களைப் பதித்தார்கள். வெயில் அதில் வளைந்து, பரவி, உள்ளே இறங்கியது. 1845இல் நியூயார்க்கின் தாடியஸ் ஹயாட் இதே உத்தியை நடைபாதைக்குக் கொண்டுவந்து காப்புரிமை வாங்கினார். இரும்புச் சட்டத்தில் பதித்த கண்ணாடிகள் வழியே நிலவறைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஹயாட்டுக்குப் பணம் கொட்டியது. அடிமைமுறை ஒழிப்புக்கும் அதிலிருந்து கொடுத்தார்.

2001-02இல் பிரேசிலில் கடும் மின்தட்டுப்பாடு. உபெராபா ஊர் மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர் செய்தது ரொம்ப சிம்பிள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச். கூரையில் ஓட்டை போட்டு, ஒரு பகுதி வெளியே மீதி உள்ளே நிற்கும்படி பொருத்தி, ஒழுகாமல் பிசின் பூசினார். வெறும் ஓட்டை என்றால் தரையில் ஒரு வெயில் வட்டம் விழும், அவ்வளவுதான். தண்ணீர் அதை அறை முழுக்கச் சிதறடிக்கிறது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டுபல்புக்குச் சமம்.

2011இல் ஃபிலிப்பைன்ஸில் இல்லாக் டியாஸின் ‘லிட்டர் ஆஃப் லைட்’ இயக்கம் இதைக் குடிசை குடிசையாகக் கொண்டுபோனது. மோசர் பணக்காரர் ஆகவில்லை.

கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதை ஓப்பன் சோர்ஸ் என்று கொண்டாடத்தான் முதலில் கை பரபரக்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் நடுமதியம் ஏன் பல்பு எரிய வேண்டும்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஜன்னல் வைக்க இடமே இல்லை. அந்த நெருக்கடி அப்படியே இருக்கிறது. மிச்சமிருந்த ஒரே திசையை, வானத்தை, பாட்டில் திறந்துவிட்டது.