கள்ளக்குறிச்சியிற் பயின்ற கதாசிரியர்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர், அவர் பிறந்த குடியின் மேன்மையையும், தொட்டிற் பருவத்திலேயே தோன்றிய அறிவின் அடையாளங்களையும் முதற்கண் விரித்துரைத்தல் வழக்கம். நம் பத்திரிகையிலும் அத்தகைய சரித்திரங்கள் பல வெளிவந்துள்ளன. ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது அவ்வகையினதன்று. ஒரு தாசில்தாரின் புதல்வர், காலந்தாழ்த்துப் பட்டம் பெற்று, தந்தையாரோடு மனம் வேறுபட்டுப் பட்டணம் புகுந்து, பத்திரிகைக்குப் பத்திரிகை மாறி, இறுதியிற் சினிமாத் தொழிலிற் கைவைத்துப் பொருளும் உடலும் நலிந்து, நாற்பத்திரண்டாம் வயதில் க்ஷயரோகத்தால் மாண்ட செய்தி இது. புதுமைப்பித்தன் என்று தமிழுலகம் வழங்கும் சொ. விருத்தாசலம் பிள்ளையவர்களே அவர். திருநெல்வேலியார் அவரைத் தம்மவரென்று உரிமை பாராட்டுவர், அஃது உண்மையே. ஆயினும் அவர் எழுத்தறிந்த நாடு நம் தென்னார்க்காடு என்பதனையும், அவர் பயின்ற ஊர்களுள் ஒன்று கள்ளக்குறிச்சி என்பதனையும் நம் பக்கத்து அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் 1906-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ஆம் தேதி திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலி. உத்தியோகமோ தென்னார்க்காடு ஜில்லாவில். பிள்ளைக்கு இட்ட பெயர் நடுநாட்டுத் தலமாகிய விருத்தாசலத்தின் பெயர். பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் நம் முன்னோர் போற்றிய அத்தலத்தின் அருகே ஓடும் மணிமுத்தாறு, கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் உற்பத்தியாகி வருவது. ஆகவே இப்பிள்ளையின் பெயரிலேயே நம் பக்கத்து மலையும் நீரும் கலந்திருந்தன என்று சொல்லின் மிகையாகாது.

தாசில் உத்தியோகம் என்பது அக்காலத்தில் ஒரு சிற்றரசுக்கு ஒப்பானது. தண்டல், பட்டா, ஜமாபந்தி, எல்லைத் தகராறு ஆகிய யாவும் அவர் கச்சேரிக்கு வந்தே தீரவேண்டும். ஆனால் அவ்வரசருக்கு நிலையான தலைநகரம் இல்லை. மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தால், வண்டி கட்டிப் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படவேண்டியதே. அங்ஙனமே விருத்தாசலம் பிள்ளையின் தொடக்கக் கல்வி செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்னும் மூன்றூர்களிலும் சிதறி நிகழ்ந்தது. ஓரூரிற் கிடைத்த தோழரை மறுவூரில் இழந்தும், ஒரு திண்ணையிற் கேட்ட பேச்சை மறுதிண்ணையில் வேறு விதமாகக் கேட்டும் வளர்கின்ற பிள்ளைக்குக் காது கூர்மையாதல் இயல்பு. பிற்காலத்தில் அவர் கதைகளில் வக்கீல் குமாஸ்தா பேச்சும், பண்ணையார் பேச்சும், ரிக்ஷாக்காரன் பேச்சும் தனித்தனியே நின்று ஒலிப்பதைக் காணுங்கால், இவ்வூர்மாற்றங்கள் வீணாகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்நாளைய கள்ளக்குறிச்சி தாலூகாவின் நிலையையும் சிறிது கூறுதல் தகும். கிழக்கே புன்செய்யும் ஏரிப்பாசனமும் உள்ள சமவெளி; மேற்கே கல்வராயன் மலை. மலைமேலுள்ள ஊர்கள் கவுண்டர் பட்டம் பூண்ட மூன்று ஜாகீர்தாரர் வசத்தில் இருந்தன. சர்க்கார் ஆட்சி அடிவாரத்தளவே நேராகச் செல்லும். மலையாளி என வழங்கும் மலைக்குடிகளோ ஜாகீர்தாரருக்கே வரி செலுத்தியும் ஊழியம் புரிந்தும் வந்தனர். தேசம் சுதந்திரம் அடைந்து பல்லாண்டு கழிந்த பின்னரும் அந்நிலை நீங்கவில்லை. 1976-இலேதான் அம்மலை முற்றும் அரசாங்க நிர்வாகத்தின்கீழ் வந்தது. தாலூகாவோ 1993-இல் விழுப்புரம் ஜில்லாவிற் சேர்ந்து, 2019-இல் தானே தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. புதுமைப்பித்தர் இம்மலையை வைத்துப் புகழ்பெற்ற கதை எதனையும் செய்தாரல்லர். அவர் கதைகளின் நிலம் திருநெல்வேலிக் கிராமமும் சென்னைச் சந்துமே. எனினும், சட்டம் ஓரிடத்தில் முடிந்து வழக்கம் தொடங்கும் எல்லையைத் தாசில்தார் வீட்டுப் பிள்ளை அறியாதிருத்தல் அரிது.

இவருக்கு எட்டு வயதாகும்போது தாயார் காலஞ்சென்றார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு பிள்ளையின் மனத்தில் நிகழ்ந்தது யாதென்பதை நாம் எழுதவல்லேமல்லேம். முப்பது ஆண்டுகள் கழித்து அவர் சொந்தமாகச் சினிமாக் கம்பெனி தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேற்செல்வோம்.

1918-இல் தந்தையார் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற, குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. பாளையங்கோட்டைப் பள்ளியிலும், பின்னர்த் திருநெல்வேலி இந்து கலாசாலையிலும் பயின்று, 1931-இல், அதாவது தம் இருபத்தைந்தாம் பிராயத்தில், பி.ஏ. பட்டம் பெற்றார். நம் குலத்திற் பட்டதாரி என்றால் அடுத்த படி யாது என்பதை யாவரும் அறிவர். சர்க்கார் உத்தியோகம், அல்லது சட்டப் பரீட்சை எழுதி வக்கீல் தொழில். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற தந்தை தம் தலைப்பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்த்திருத்தல் கூடும்? பிள்ளையோ ஆங்கிலக் கதைப் புத்தகங்களிலும் நண்பரோடு பேசும் பேச்சிலும் பொழுதைப் போக்கினார். திருவனந்தபுரத்துக் குடும்பமொன்றிற் பிறந்த கமலாம்பாளை மணந்த பின்னரும் வருமானம் ஒன்றும் ஏற்படவில்லை. வீட்டிற் பிணக்கு முற்றியது. மனைவியாரோடு வெளியேறிச் சென்னை சேர்ந்தார்.

இவ்விடத்து நாம் ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். தந்தையாரை ஒருதலையாகக் குறை கூறுவோர் உளர். பென்ஷன் பணத்திற் குடும்பம் நடத்துபவர், கலியாணமான மகன் கதையெழுதிப் பிழைப்பேன் என்றால் மகிழ்வாரோ? 1930-ஆம் ஆண்டுகளில் தமிழ்க் கதைக்குக் கிடைத்த கூலி, அரிசிக் கடைப் பாக்கிக்கும் போதாது. ஆயினும் மகன் எழுதியவை பின்னர்த் தமிழ் உள்ளளவும் நிற்குமென்று எவர் ஜாதகத்திற் கண்டனர்? இருவர் பக்கத்தும் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. அதனாலேதான் அப்பிணக்கு எளிதில் தீரவில்லை.

அவரது முதல் எழுத்து, ‘குலோப்ஜான் காதல்’ என்னும் கட்டுரை, ‘காந்தி’ பத்திரிகையில் 1933-இல் வெளிவந்தது. அவ்வாண்டே கு. சீனிவாசன், வ. ராமசாமி, டி. எஸ். சொக்கலிங்கம் என்னும் மூவர் முயற்சியால் ‘மணிக்கொடி’ தோன்றியது. 1934 ஏப்ரலில் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ என்னும் அவர் கதை அதில் வெளியாயிற்று. பிறகு மடை திறந்தாற்போல் எழுதினார். ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’ முதலியன அடுத்தடுத்து வந்தன. சென்னைக் கூலிவரிசையின் வறுமையும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகச் சென்றோரின் துயரமும் அதற்குமுன் தமிழ்க் கதையில் அவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டதில்லை.

ஆனால் ‘மணிக்கொடி’ புகழைத் தந்ததேயன்றிச் சோற்றைத் தரவில்லை. ஆகவே காரைக்குடி சென்று ‘ஊழியன்’ பத்திரிகையிற் சில காலம் பணியாற்றினார். அப்பத்திரிகையின் பூர்வோத்தரம் நம் சங்கத்தார்க்கு உவப்பளிப்பது. ‘தனவைசிய ஊழியன்’ என்னும் பெயரால் நகரத்தார் சமூகத்தின் பொருட்டுத் தொடங்கப்பட்டு, ராய. சொ. அவர்களின் கைப்பட்டுக் குலப்பெயரை உதிர்த்து ‘ஊழியன்’ ஆனது அது. இரங்கூனில் ‘தனவணிகன்’ என்னும் அச்சமூகத்துப் பத்திரிகையை நடத்தியவரே பின்னர் மகாத்மாவைப் பற்றிப் படம் எடுத்து உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியார். ஜாதிச் சங்கத்துப் பத்திரிகை என்று ஏளனம் செய்வோர், இவ்விரண்டின் சரித்திரத்தையும் சிறிது படித்தல் நலம். நாமும் அவற்றைப் படித்து, நம் பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரத்துக்கு ஒதுக்கும் பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அதனினும் நலம்.

காரைக்குடியும் நிலைக்கவில்லை. மீண்டும் சென்னை, 1934-இற் பிறந்த ‘தினமணி’யில் உதவியாசிரியர் வேலை. பகலெல்லாம் தந்திச் செய்திகளைத் தமிழாக்குதல். எஞ்சிய பொழுதிற் கதை. அயல்நாட்டுக் கதைகள் பலவற்றையும் மொழிபெயர்த்தார். முசோலினியின் சரித்திரத்தை ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’ என்னும் பெயரால் எழுதினார். முதற் கதைத் தொகுதி 1940-இல் வெளியாயிற்று. 1943-இல் ஆசிரியர் சொக்கலிங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் வேற்றுமை ஏற்பட, அவரோடு வெளியேறியோருள் இவரும் ஒருவர். பின்னர் ‘தினசரி’யிற் சிறிது காலம் இருந்து அதனையும் விட்டார்.

இவ்வருஷங்களில் அவர் ‘கலைமகள்’ பத்திரிகைக்கு அளித்த கதைகளே அவர் எழுத்தின் கொடுமுடி என்பது நம் துணிபு. அகலிகையின் சரித்திரத்தை அவள் பக்கத்தினின்று நோக்கிய ‘சாப விமோசனம்’. பிழைப்புக்காகத் தென்பாண்டி நாட்டினின்று சென்னை வந்து, ஜவுளிக்கடைச் சம்பளத்தில் நோயாளி மனைவியைக் காத்து, அவளை இழந்துபோகும் பிரமநாயகம் பிள்ளையைப் பற்றிய ‘செல்லம்மாள்’. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. இம்மூன்றாவதில், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, நேரில் வந்த கடவுளிடமே ஜீவிய சந்தா கேட்கிறார். சந்தா நிலுவை தண்டப் புறப்படும் நம் காரியதரிசிகள் யாவரும் இதனை ஒருமுறை வாசித்துப் புறப்படுவாராக. எழுத்தாளன் வீட்டுச் சமையற்கட்டை அறிய விரும்புவோர்க்கோ ‘ஒரு நாள் கழிந்தது’ உளது.

நிற்க. நம் குலத்தார் இவரைக் கொண்டாடத் தயங்கியதற்குக் காரணம் அவர் வறுமை மட்டுமன்று. ‘நாசகாரக் கும்பல்’ என்றொரு கதை எழுதினார். திருநெல்வேலிக் கிராமமொன்றில் வேளாளருக்கும் மருத்துவர் குலத்தாருக்கும் மூண்ட பூசலை அது கூறும். சைவ ஆசாரமும் நீறணிந்த நெற்றியும் உடைய நம்மவர், ஒருவன் தலைநிமிர்ந்து நடந்தான் என்பதற்காக அவனுக்கு இழைக்கும் தீங்கு அதில் ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டுளது. வேற்றுக் குலத்தார் எழுதியிருப்பின் பகைமை என்று தள்ளிவிடலாம். நம் வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்து, நம் பேச்சின் நெளிவு சுளிவெல்லாம் அறிந்த ஒருவர் எழுதியதை எங்ஙனம் தள்ளுவது? ‘பிள்ளை’ என்னும் பட்டத்தைத் தம் கதைமாந்தர்க்குச் சூட்டிச் சூட்டி அவர் நகைத்த நகை, உள்ளிருந்து வந்த நகை. வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்பது அவர் செய்யுள் எழுதுதற்குத் தாமே புனைந்துகொண்ட பெயர். ஆகவே தம்மையும் அந்நகைக்குப் புறம்பாக்கிக்கொண்டாரல்லர்.

அவர் இறுதி ஆண்டுகளைப் பற்றி மிகுதி சொல்ல வேண்டுவதில்லை. ‘ஔவையார்’, ‘காமவல்லி’ முதலிய படங்களுக்கு எழுதினார். சொந்தக் கம்பெனியால் எடுக்க நினைத்த ‘வசந்தவல்லி’ படமாகவில்லை, கைப்பொருள் கரைந்தது. 1947-இல் சிறையினின்று விடுதலை பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் பூனா சென்றார். அங்கே க்ஷயம் முற்றியது. மனைவியார் அப்போது திருவனந்தபுரத்திலிருந்தார். வறுமை காரணமாக ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ்ந்த அவ்விருவருள் இவர் மனைவியார்க்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் நூலாக வெளிவந்துள்ளன. அவற்றை வாசிப்போர் பணவிடைக்காகக் காத்திருத்தல் என்பது யாதென அறிவர். நோயோடு திருவனந்தபுரம் சேர்ந்து 1948-இல் அங்கேயே உயிர் நீத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் உட்பட்ட எழுத்து வாழ்க்கையில் அவர் விட்டுச்சென்ற கதைகள் ஏறத்தாழ நூறு. நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951-இல் அவர் வரலாற்றை எழுதினார். 2002-இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து நம் அன்பர்கள் சிலர், தம் பிள்ளைகள் எழுத்தில் நாட்டங்கொண்டு பரீட்சையைக் கைவிட்டதாக வருந்தி நம் காரியாலயத்துக்கு எழுதியுள்ளனர். அவர்க்கு நாம் விடுக்கும் விடை யாதென்றால், விடுமுறை நாளில் அடுத்துக் கூடவிருக்கும் சங்கக் கூட்டத்துக்கு அப்பிள்ளைகளையும் அழைத்து வருக என்பதே. வழக்கமான குலப்பெருமைச் சொற்பொழிவுக்கு மாறாக, இம்முறை ‘நாசகாரக் கும்பல்’ கதையை முதலிலிருந்து முடிவு வரை உரக்க வாசிக்கச் செய்வதென நிச்சயித்துள்ளோம். மறுப்புரைக்க விரும்பும் பெரியோர், வாசிப்பு முடியுமட்டும் அமர்ந்திருந்து பின்னர் எழுந்து பேசலாம்.