ஒப்பராக் குரலும் சனரஞ்சகப் பாடலும்: ‘அமோரே’ குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மேற்கத்தேய இசையுலகில் சாஸ்திரிய இசை, சனரஞ்சக இசை என்னும் பாகுபாடு இயல்பாகவே அமைந்ததொன்றெனப் பலராலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆண்குரல்களுள் உயர்ந்த சுருதியிற் பாடும் ‘ரெனர்’ பாடகரொருவர் ஒப்பரா அரங்கை விட்டுச் சனரஞ்சகப் பாடல்களை நாடும்போது, கலை தரமிழந்ததென்ற கண்டனம் எழுவது இதனாலேயாம். இத்தாலியப் பாடகர் அந்திரேயா பொச்செல்லி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அமோரே’ என்னும் இசைத்தொகுப்பை வரலாற்றடிப்படையில் நோக்குமிடத்து, இக்கண்டனம் மறுபரிசீலனைக்குரியதாகின்றது.

ரெனர் பாடகர் இவ்வெல்லையைக் கடந்தமை புதியதன்று. 1902இல் மிலான் நகரில் நூறு பவுணுக்குப் பத்துப் பாடல்களை இசைத்தட்டிற் பதிவுசெய்த என்றிக்கோ கரூசோ, 1898இற் பிறந்த ‘ஓ சோலே மீயோ’ என்னும் பாடலை 1916இற் பாடிப் பதிவுசெய்தார். அம்மெட்டே 1960இல் எல்விஸ் பிறெஸ்லியின் ஆங்கிலப் பாடலொன்றாயிற்று.

‘அமோரே’ இப்போக்கின் தொடர்ச்சியேயாகும். மெக்சிக்கோவைச் சேர்ந்த கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்னும் பெண்மணி இயற்றிய ‘பேசமே மூச்சோ’, ஹங்கேரியிற் பிறந்த யோசப் கொஸ்மா இசையமைத்த உதிர்ந்த இலைகள் பற்றிய பிரெஞ்சுப் பாடல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. பிறெஸ்லி 1961இற் புகழ்பெறச் செய்த காதற்பாடலொன்றும் அதிலுண்டு. அதன் மெட்டோ, பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தினி என்பார் அமைத்த பிரெஞ்சுப் பாடலொன்றைத் தழுவியது. சாஸ்திரியக் குரல் கீழிறங்கியது என்பதிலும், பழைய மெட்டொன்று தன் இல்லம் மீண்டது என்பதே இங்கு பொருந்தும்.

ஆயின், இரு மரபுகளுக்குமிடையே வேறுபாடே இல்லையெனக் கூறுதல் தவறாகும். ஒப்பராப் பாடகர் ஒலிவாங்கியின் துணையின்றி வாத்தியக் குழுவின் ஓசையை மேவிப் பாடப் பயின்றவர். 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகரீதியாகப் பரவத் தொடங்கியதும், செவியருகே பேசுவது போன்ற மென்குரற் பாணி செல்வாக்குப் பெற்றது. பிற்காலச் சனரஞ்சகப் பாடல்கள் பலவும் அப்பாணிக்கென உருவானவை. எனவே, அன்று பிரிந்தவை பாடல்களல்ல, பாடும் முறைகளே எனலாம்.

சட்டம் பயின்ற இளமைக் காலத்தில் மதுவகங்களிற் பியானோ இசைத்துப் பாடிய பொச்செல்லி, இவ்விரு முறைகளையும் அறிந்தவர். ஆகவே, அவர் எப்பாடலைத் தெரிந்தார் என்பதன்று வினா. பேராற்றலுக்குப் பயின்ற குரல் மென்மைக்கு இடமளித்ததா என்பதே வினா. பாடலின் பிறப்பைக் கொண்டு கலையை மதிப்பிடும் திறனாய்வு, தரத்தையன்றிக் குலத்தையே ஆராய்வதாய் முடியும்.