இளவரசன் முகத்தில் ஒரு அம்பு

கண்ணுக்குப் பக்கத்துல ஏதாவது குத்தி நின்னா, நம்ம கை முதல்ல அதைப் பிடுங்கத்தான் போகும். அந்த அவசரம் எவ்வளவு பெரிய சிக்கல்னு காட்டுற ஒரு கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

1403, ஜூலை 21. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் கலகக்காரர்களுக்கும் போர். மன்னரின் மகன் ஹென்றிக்கு வயசு 16. மூக்கை ஒட்டி, கண்ணுக்குக் கீழே ஒரு அம்பு பாய்ந்தது. இழுத்தபோது கட்டை மட்டும் கையோடு வந்துடுச்சு. இரும்பு முனை 6 அங்குல ஆழத்தில், எலும்பில் மாட்டிக்கிட்டது.

கெனில்வொர்த் கோட்டையில் பல வைத்தியர்கள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியா வந்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பிராட்மோர். அவர் உடனே முனையைத் தொடலை. எல்டர் மரத்தின் நெட்டியைக் குச்சிகளாக்கி, துணி சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்துக் காயத்துக்குள் வைத்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடிமனான குச்சி. இப்படிப் பொறுமையா வழியை அகலமாக்கினார்.

அடுத்தது கருவி. அம்பு முனையில் கட்டை செருகுற குழி இருக்கும் இல்லையா? அதுக்குள்ள நுழையுற மாதிரி ஒரு சின்ன இடுக்கியை அவரே வடிவமைத்தார். நடுவில் இருக்கும் திருகைத் திருகினால் இடுக்கி விரிந்து, முனையை உள்ளிருந்தே பிடிச்சுக்கும். மெல்ல அசைத்து அசைத்து வெளியே எடுத்தார்.

அதோட முடியலை. வெள்ளை ஒயினால் கழுவினார். தேன், பார்லி மாவு கலந்த களிம்பில் திரிகளைத் தோய்த்து உள்ளே வைத்து, நாளாக ஆக நீளத்தைக் குறைத்தார். புண் அடியிலிருந்து ஆறணும் என்பதுதான் கணக்கு. 20 நாளில் காயம் சுத்தமானது. வலிப்பு வந்துடக்கூடாதுன்னு கழுத்துக்கும் தைலம் தேய்த்திருக்கிறார். இதையெல்லாம் 'பிலோமினா' என்ற நூலில் அவரே எழுதி வெச்சதாலதான் நமக்குத் தெரியுது.

அந்தப் பையன்தான் ஐந்தாம் ஹென்றி. 1415-இல் அஜின்கோர்ட் போரில் வென்றவர்.

இன்னிக்கு சிடி ஸ்கேன் இருக்கு, ஆன்டிபயாடிக் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி போகும்வரை செய்ய வேண்டியது எளிமையானது: குத்தி நிற்பதைப் பிடுங்காதீங்க, கண்ணை அழுத்தாதீங்க, கசக்காதீங்க. ரத்தக்குழாயை அந்தப் பொருளே அடைச்சுக்கிட்டு இருக்கலாம். அது அசையாம பார்த்துக்கிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வெளியே எடுக்குற வேலையை பிராட்மோரின் வாரிசுகளுக்கு விட்டுடுங்க.